சிம்னி ஓரத்து ஈயத் தகடு: பழுதைக் கண்டுபிடிப்பது முதல் புதிதாகப் போட்டு முடிப்பது வரை

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கமெல்லாம் நம் ஆட்கள் வாங்குவது பெரும்பாலும் நூறு வருஷத்துக்கு மேலான, வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகள்தான். ஸ்லேட் கூரை, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு செங்கல் சிம்னி. படுக்கையறை மூலையில் பழுப்புக் கறை தெரிந்ததும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், சிம்னியும் ஸ்லேட்டும் சந்திக்கிற இடத்தில் இருக்கும் ஈயத் தகட்டில்தான், அதாவது ஃப்ளாஷிங்கில்தான், கோளாறு ஆரம்பித்திருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் தகடு வெட்டவும் தட்டவும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். எதற்குப் பிறகு எது, எங்கே ஆணி அடிக்கவே கூடாது என்பதில்தான் விழுகிறார்கள். அதனால் வரிசையாகவே எழுதுகிறேன். வீட்டுக்காரர்கள் முதல் நான்கு பகுதியை மட்டும் படித்தாலும் போதும், வருகிற பில்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துவிடும்.

1. ஈயம் நகரும்: இதை முதலில் மனதில் வையுங்கள்

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம். கூரையில் இருப்பது காரீயம், அது வேறு உலோகம். கனமானது, மிருதுவானது, நச்சு உள்ளது.

வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குவதில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம். 3 மீட்டர் நீளத் தகடு ஒன்று, உறைபனி இரவுக்கும் கோடை வெயிலில் 60 டிகிரி சூடாகிற மதியத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 6 மி.மீ. நீண்டு குறுகும். அந்த 6 மி.மீ. போக இடம் இல்லையென்றால் தகடு புடைக்கும், மறுநாள் படியும், திரும்பப் புடைக்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிகிற மாதிரி ஒரு நாள் அந்தப் புடைப்பின் உச்சியிலேயே கிழியும்.

அதனால்தான் ஃப்ளாஷிங் துண்டு எதுவும் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஒரே ரோலை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துவிட்டால் இணைப்பே இல்லை, ஒழுகாது என்று நினைப்பது தப்பு. நான் கழற்றுகிற கிழிந்த தகடுகளில் பெரும்பாலானவை அப்படி நீளமாகப் போட்டவைதான்.

தகட்டின் தடிமன் கோட் எண்ணில் சொல்லப்படும், ரோலின் நிறப்பட்டையிலும் தெரியும். கோட் 3 பச்சை, 1.32 மி.மீ. கோட் 4 நீலம், 1.80 மி.மீ. கோட் 5 சிவப்பு, 2.24 மி.மீ. சிம்னி வேலைக்கு இந்த மூன்றும் போதும். சிம்னியின் பக்கவாட்டில் ஸ்லேட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் சின்னத் தகடு சோக்கர், அதற்கு மட்டும் கோட் 3. வெளியே தெரிகிற ஃப்ளாஷிங்குக்கு கோட் 4. சிம்னியின் முதுகுப்பக்கம் தண்ணீரை ஓட்டிவிடும் ஈய வாய்க்காலான பின் பீலிக்கு கோட் 4 போட்டாலும் நிற்கும், நான் கோட் 5தான் போடுவேன். அங்கே தண்ணீர் தேங்கும், பாசியும் குப்பையும் சேரும். காசை மிச்சம் பிடிக்க எல்லா இடத்துக்கும் கோட் 3 வாங்குகிறவர்கள் உண்டு. அது காற்றில் தூக்கும், சீக்கிரம் கிழியும்.

2. ஏணி வைக்காமலே பார்க்கக்கூடியவை

எதிர்த் தெருவோரம் நின்று பைனாகுலரில் பாருங்கள். மழை நின்ற அரை மணி நேரத்தில் பார்த்தால் இன்னும் நல்லது, ஈரம் எங்கே காயாமல் நிற்கிறது என்று தெரியும். கவனிக்க வேண்டியவை:

செங்கல் வரிசைக்கு நடுவே செருகியிருந்த தகட்டின் மேல் விளிம்பு வெளியே வந்திருக்கிறதா. சாந்து உதிர்ந்து கருப்பாக ஒரு கோடு தெரிந்தால், அந்த இடைவெளி வழியாகச் சுவரில் வழிகிற தண்ணீர் முழுக்கத் தகட்டுக்குப் பின்னால் இறங்குகிறது என்று அர்த்தம்.

கீழ் விளிம்பு காற்றில் மடங்கி மேலே தூக்கியிருக்கிறதா. கிளிப் போடாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

தகட்டில் அலை அலையாகப் புடைப்பு இருக்கிறதா. புடைப்பு மட்டும் இருந்தால் கொஞ்ச காலம் தாங்கும். அதன் உச்சியில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தால் கிழிசல் ஆரம்பித்துவிட்டது.

கருப்புத் தார், ஒட்டும் ஃப்ளாஷிங் டேப், திட்டுத் திட்டாக சிலிகான். யாரோ முன்பே ஒழுகலைப் பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பிரிக்காமல் சொல்ல முடியாது.

ஸ்லேட் மேல் வெள்ளை வெள்ளையாக வழிந்த கறை இருந்தால் பயப்பட வேண்டாம். புதுத் தகட்டில் மழை பட்டு வருகிற ஈயக் கார்பனேட் அது. வேலை முடிந்ததும் தகட்டில் பூச வேண்டிய எண்ணெயைப் பூசாமல் விட்டதன் அடையாளம். ஒழுகலுக்கு அடையாளம் இல்லை.

3. கூரைக்கு அடியில் இருக்கும் லொஃப்டுக்குள் ஏறிப் பாருங்கள்

பலர் இதை விட்டுவிட்டு நேரே கூரைக்குப் போகிறார்கள். உள்ளே இருந்துதான் பாதி பதில் கிடைக்கும்.

டார்ச்சை நேராகக் காட்டாமல் சிம்னிச் செங்கலை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். ஈரம் பளபளக்கும், உப்புப் பூத்த இடம் சொரசொரப்பாக நிழல் விடும். சிம்னி ஓரத்துக் கைமரத்தில் தண்ணீர் வந்து வந்து காய்ந்த கோடுகள் இருக்கும், தேநீர்க் கோப்பையின் அடியில் படிகிற வளையம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக. வெளிக்கோடு மங்கல், உள்கோடு கருப்பு என்றால் ஒழுகல் பழையது, இன்னும் நடக்கிறது. மரத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். இறங்கினால் மரமும் போய்விட்டது, ஈயம் மட்டும் மாற்றிப் பயனில்லை.

கறை சிம்னியின் மேல்பக்கம் அதிகமா, பக்கவாட்டிலா, கீழ்ப்பக்கமா என்று போட்டோ எடுத்து வையுங்கள். மேல்பக்கம் என்றால் பின் பீலி, பக்கவாட்டில் என்றால் சோக்கர் அல்லது அதை மூடுகிற, படிப்படியாக வெட்டிய படி ஃப்ளாஷிங், கீழ்ப்பக்கம் மட்டும் என்றால் சிம்னியின் முன்பக்கத் தகடான ஏப்ரன். தண்ணீர் மரத்தின் வழியே ஓடி வேறு இடத்தில் சொட்டும் என்பதால், எப்போதும் கறையின் உயரமான முனையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

குளிர்காலத்தில் மட்டும், மழையே இல்லாத நாளிலும், ஆணி முனைகளில் துளித் துளியாக நிற்கிறதா? அது ஒழுகல் அல்ல, வீட்டு நீராவி மேலே போய்க் குளிர்ந்து படிவது. அதற்குக் காற்றோட்டம்தான் வைத்தியம்.

4. ஈயத்தின் குற்றம்தானா என்று உறுதி செய்யுங்கள்

போன வருஷம் ஒரு வீட்டில் ஏற்கனவே இரண்டு தடவை ஃப்ளாஷிங் மாற்றியிருந்தார்கள், கறை போகவே இல்லை. ஏறிப் பார்த்தால் தகடு ஒழுங்காகத்தான் இருந்தது. சிம்னித் தலையில், புகை வெளியேறும் பானைகளைச் சுற்றிப் பூசியிருந்த சாந்து பிளந்து, தண்ணீர் செங்கலுக்குள்ளேயே இறங்கி, ஃப்ளாஷிங்குக்கு உள்பக்கமாகவே கீழே வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா இரண்டு முறையும் காசு கொடுத்திருந்தார். அதைக் கேட்டபோது மனது கஷ்டமாகிவிட்டது.

எனவே தோட்டத்துக் குழாயால் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள். எப்போதும் கீழிருந்து மேலாக. முதலில் சிம்னிக்குக் கீழே உள்ள ஸ்லேட் மேல் பத்துப் பதினைந்து நிமிஷம், அப்புறம் ஏப்ரன், அப்புறம் பக்கங்கள், பின் பீலி, கடைசியில் செங்கலும் தலையும். ஒருவர் லொஃப்டில் டார்ச்சோடு இருக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது. பீய்ச்சி அடிக்காதீர்கள், மழை பெய்கிற மாதிரி வழிய விடுங்கள். அழுத்தமாக அடித்தால் நல்ல கூரையும் ஒழுகும்.

5. ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா

தகடு நன்றாக இருந்து, செருகிய விளிம்பு மட்டும் வெளியே வந்திருந்தால் மாற்ற வேண்டாம். செங்கல் சாந்தில் வெட்டிய பள்ளத்தை, அதாவது காடியை, சுத்தம் செய்து, திரும்பச் செருகி, ஆப்பு வைத்து, சீலண்ட் போட்டால் சரி.

நடுவில் கிழிந்திருந்தால் கதை வேறு. கிழிசலை ஈய வெல்டிங்கில் மூடலாம், ஆனால் துண்டு நீளமாக இருக்கும்வரை அது பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் கிழியும். அதை எடுத்து, 1.5 மீட்டருக்குள் இரண்டாக, 100 மி.மீ. மேலேற்றிப் போடுவதுதான் உண்மையான ரிப்பேர். வெள்ளீயம் கலந்த சால்டர் வைத்து மூடுவது வேண்டவே வேண்டாம். ஈயம் விரிகிற அளவு அது விரியாது, ஓரத்திலேயே பிரிந்து வரும்.

பின் பீலியில் ஒரு விசித்திரமான தேய்மானம் பார்ப்பீர்கள். ஒவ்வொரு ஸ்லேட் முனைக்கும் நேர் கீழே, சுற்றிலும் சாம்பல் நிறமாக இருக்கிற தகட்டில் விரல் நுனி அகலத்துக்குப் பளபளவென்று ஒரு குழி. ஸ்லேட்டில் வளர்ந்த பாசி, லைக்கன் ஆகியவற்றின் அமிலம் கலந்த தண்ணீர் அதே இடத்தில் சொட்டிச் சொட்டி அரித்தது. ஓட்டை விழுந்த பிறகு திட்டு வைக்காமல் பீலியை மாற்றுங்கள். மாற்றும்போது சொட்டுகிற இடத்தில் தனியாக ஒரு ஈயப் பட்டையைப் பலியாக வைத்தால், அடுத்த முறை அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

6. ஏறும் முன் முடிக்க வேண்டியவை

சாரம் கட்டாமல் சிம்னி வேலை இல்லை. 300 மி.மீ. அகல, 6 மீட்டர் கோட் 4 ரோல் ஒன்று சுமார் 37 கிலோ. அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவதை நினைத்தாலே எனக்குப் பயம். கீழேயே வெட்டி, துண்டு துண்டாக மேலே கொண்டுபோங்கள்.

சிம்னி பொதுவானது என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் பேசுங்கள், பொதுச் சுவர் பற்றிய 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வால் சட்டம் இந்த வேலைக்குப் பொருந்துமா என்றும் கேட்டு வையுங்கள். புதுச் சுவர் கட்டி, பக்கத்து வீட்டுச் சுவரில் காடி வெட்டி ஃப்ளாஷிங் செருகுவதென்றால் முறையாக நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். லிஸ்டட் வீடு, அதாவது பழமைக்காகச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட வீடு, என்றால் கவுன்சிலைக் கேட்காமல் தொடாதீர்கள். தகட்டுக்கு அடியில் வௌவால் இருந்தால் வேலையை அப்படியே நிறுத்துங்கள், சட்டப் பாதுகாப்பு உள்ள உயிர் அது.

ஈயம் உடம்புக்குள் போவது கை வழியாகவும் தூசி வழியாகவும்தான். கையுறை போடுங்கள். வேலை நடுவே சாப்பிடுவது, புகைப்பது கூடாது. கீழே இறங்கி நகக்கண் வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தேநீர். பழைய தகட்டை உரசினாலோ வெல்டிங் செய்தாலோ நுண்தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 முகமூடி. அந்த வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள், இதை நான் ஒவ்வொரு புதுப் பையனிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

கருவிகள் அதிகமில்லை: டிரெஸ்ஸர் எனப்படும் தட்டும் கட்டை, மூலை உருட்ட பாசிங் ஸ்டிக், மரச்சுத்தி, மடிப்பை அழுத்த செட்டிங் ஸ்டிக், தகடு வெட்டும் கத்தரி. இரும்புச் சுத்தியால் ஈயத்தைத் தொடாதீர்கள். கிளிப்பும் ஆணியும் செம்பிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ இருக்க வேண்டும். சாதா இரும்பு ஆணி துருப்பிடித்து முதலில் போகும்.

7. பழையதை எடுத்து, காடி வெட்டுதல்

சாந்துப் பட்டையில் 25 மி.மீ. ஆழம் காடி எடுங்கள். கிரைண்டரில் வெட்டினால் தூசி உறிஞ்சும் கருவியோடு. பழைய சுண்ணாம்புச் சாந்து என்றால் உளியே போதும், பொலபொலவென்று வரும். வெட்டுகிற அவசரத்தில் செங்கலின் விளிம்பைக் கடித்துவிட்டால் அந்த முனை அடுத்த உறைபனியில் உதிரும், அதனால் நடுவிலேயே செல்லுங்கள். தூசியை முழுக்க ஊதி எடுத்துவிடுங்கள். தூசி மேல் சீலண்ட் ஒட்டாது.

8. முன் ஏப்ரன்

எப்போதும் கீழே இருப்பதை முதலில் போட வேண்டும். மேலே வருகிறது கீழே உள்ளதன் மேல் ஏறி உட்கார்ந்தால்தான் தண்ணீர் வெளியே வழியும். பக்கத்தை முதலில் முடித்துவிட்டு ஏப்ரனை அதன் மேல் போட்டவரைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாக இருந்தது, முதல் மழையிலேயே உள்ளே வந்தது.

ஏப்ரன் ஸ்லேட் மேல் குறைந்தது 150 மி.மீ. இறங்க வேண்டும், சிம்னியின் இரண்டு பக்கமும் 150 மி.மீ. தாண்டிப் போக வேண்டும். மேல் விளிம்பில் 25 மி.மீ. காடிக்குள் மடிக்க விட்டுக்கொள்ளுங்கள். மடிப்புக் கோட்டைக் கத்தியால் கீறாதீர்கள். கீறினால் சுலபமாக மடியும், அந்தக் கீறலிலேயே பிளக்கவும் செய்யும். பென்சிலால் கோடு போட்டு, கட்டையை வைத்து மடியுங்கள்.

மூலையில்தான் திறமை தெரியும். தகட்டை இழுத்தால் மெலியும். அதிகமாக இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குச் சின்னச் சின்னத் தட்டுகளாக ஈயத்தைத் தள்ளிக் கொண்டுவர வேண்டும், சப்பாத்தி மாவை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளுகிற மாதிரி. வரவில்லையென்றால் கீழே தரையில் வைத்து வெல்டிங் செய்து கொண்டுபோங்கள். காய்ந்த பழைய மரத்துக்கும் தூசிக்கும் பக்கத்தில், கூரை மேல் தீ வைக்காதீர்கள்.

கீழ் விளிம்பில் 300 முதல் 500 மி.மீ.க்கு ஒரு கிளிப். அந்த விளிம்பில் ஆணி அடிக்கவே கூடாது. மேலே காடியில் பிடித்தாயிற்று, கீழேயும் ஆணி அடித்தால் தகடு நகர இடம் இல்லை.

9. பக்கங்கள்: சோக்கரும் படியும்

ஒவ்வொரு ஸ்லேட் வரிசைக்கும் ஒரு சோக்கர். கணக்கைச் சுருக்காதீர்கள். அகலம் 175 மி.மீ.: 75 சுவரில் ஏறும், 100 ஸ்லேட்டுக்கு அடியில் போகும். நீளம், ஸ்லேட்டின் கேஜும் (வரிசைக்கு வரிசை இடைவெளி) லாப்பும் (ஒன்றன் மேல் ஒன்று ஏறும் அளவு) கூட்டி அதோடு 25 மி.மீ.; அந்த 25 ஸ்லேட்டின் தலையில் மடிந்து, சோக்கர் கீழே வழுக்காமல் பிடிக்கும். ஸ்லேட்டும் சோக்கரும் மாறி மாறி ஏற வேண்டும் என்பதால் ஓரத்து ஸ்லேட்டுகளைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றாமல் மேலோடு தகடு ஒட்டிவிட்டுப் போவதுதான் மலிவான கொட்டேஷனின் ரகசியம்.

சோக்கரின் ஏறிய பகுதியை மூடத்தான் படி ஃப்ளாஷிங். பட்டையைச் சரிவோடு சுவரில் சாய்த்துப் பிடித்து, கீழ் விளிம்பிலிருந்து 65 மி.மீ. உள்ளே ஒரு கோடு போடுங்கள். இதுதான் தண்ணீர்க் கோடு. எந்தப் படியின் வெட்டும் இந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே வரக் கூடாது. செங்கல் சாந்துப் பட்டை ஒவ்வொன்றும் எங்கே வருகிறதோ அதைத் தகட்டில் குறித்து, அதற்கு மேல் 25 மி.மீ. மடிப்புக்கு விட்டுப் படியாக வெட்டுங்கள். பழைய செங்கல் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்காது, அதனால் ஒரு படியை அளந்து மற்றதற்கும் அதையே போடாமல் ஒவ்வொன்றையும் சுவரில் வைத்தே குறியுங்கள்.

வளைந்த ஓட்டுக் கூரை என்றால் சோக்கர் சரிப்படாது. படித் தகடே அகலமாக, ஓட்டின் மேல் 150 மி.மீ. இறங்கி வளைவோடு படிய வேண்டும்.

10. பின் பீலி

சிம்னி முகட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இது தேவைப்படாது. இரண்டு பக்கமும் ஏப்ரன், முகடு சந்திக்கிற இடத்தில் அதன் இரண்டு சரிவிலும் படிகிற சேடில் துண்டு, அவ்வளவுதான். சரிவின் நடுவே இருந்தால், மேலிருந்து வருகிற தண்ணீர் முழுக்கச் சிம்னியின் முதுகில் மோதும்.

பீலியின் தரை குறைந்தது 150 மி.மீ. அகலம் வேண்டும். குறுகலாக இருந்தால் இலை அடைத்து ஸ்லேட்டுக்கு மேலே தண்ணீர் ஏறும். கை போய்ச் சுத்தம் செய்யவும் இடம் வேண்டும். அடியில் பலகை உறுதியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஈயம் தன் கனத்திலேயே தொங்கிக் குளமாகும்.

பீலித் தகட்டைச் செங்கலில் 100 மி.மீ. ஏற்றி நிறுத்துங்கள், ஆனால் காடிக்குள் செருகாதீர்கள். தனியாக ஒரு மூடு தகட்டைக் காடியில் செருகி, பீலித் தகட்டின் மேல் 75 மி.மீ. இறங்கும்படி விடுங்கள். கூரை மரம் காற்றிலும் ஈரத்திலும் அசையும், சிம்னி அசையாது. இரண்டையும் ஒரே தகட்டில் கட்டினால் எங்கே கிழியும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

11. ஆப்பு, சீலண்ட், எண்ணெய்

மீந்த ஈயத்தைச் சின்னச் சுருளாகச் சுருட்டி ஆப்பாகக் காடியில் அடியுங்கள். 450 மி.மீ.க்குள் ஒன்று, படி ஃப்ளாஷிங்கில் படிக்கு ஒன்று. தகட்டைப் பிடித்து நிறுத்துவது ஆப்புதான், சீலண்ட் இல்லை. ஆப்பு வைக்காமல் சீலண்டை மட்டும் நம்பியவை இரண்டாவது குளிர்காலத்தில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சீலண்ட் ஈயத்துக்கென்றே விற்பது, நியூட்ரல் க்யூர் வகை. குளியலறை சிலிகானில் புளிப்பு வாடை அடிக்குமே, அதில் வெளியாகும் அசெட்டிக் அமிலம் ஈயத்தை அரிக்கும்.

அன்றைக்கே, தகடு காய்ந்திருக்கும்போதே, வெள்ளைக் கறை வராமல் தடுக்கும் பேட்டினேஷன் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசுங்கள். மேல் முகத்தோடு நிறுத்தாமல் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்திலும், கீழ் விளிம்பின் அடிப்பக்கத்திலும் பூச வேண்டும். வெள்ளைக் கறை அங்கிருந்துதான் அதிகம் வழியும். நாளைக்குப் பூசிக்கொள்ளலாம் என்று விட்டு இரவில் தூறினால், புது ஸ்லேட் காலையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

12. வேலையை ஒருவரிடம் கொடுக்கும்போது

எந்த கோட், ஒரு துண்டு எவ்வளவு நீளம், சோக்கர் புதிதா பழையதா, எண்ணெய் பூசுவார்களா: இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். இது தெரிந்தவர் உடனே பதில் சொல்வார். முடிந்ததும் போட்டோ கேளுங்கள், முக்கியமாக ஸ்லேட் திரும்பப் போடுவதற்கு முன் எடுத்த சோக்கர் போட்டோ. பழைய ஈயத்துக்கு விலை உண்டு, அது யாருக்கு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நீங்களே விற்பதென்றால் அடையாள அட்டை கொண்டுபோங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்துக்குக் காசாகக் கொடுப்பது 2013 சட்டப்படி கூடாது, வங்கிக் கணக்குக்குத்தான் வரும்.

சாரத்தை அவிழ்ப்பதற்கு முன் மறுபடி குழாயைத் திறந்து, அதே கீழிருந்து மேல் வரிசையில் ஒரு சுற்று தண்ணீர் விட்டுப் பாருங்கள். அப்புறம் முதல் பெரிய மழை பெய்த அன்று, பழைய போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு லொஃப்டில் ஏறி, அந்தக் கைமரத்தைத் தொட்டுப் பாருங்கள்.